இரண்டு படி வித்தியாசம்

திருடுபோன பொருளின் புகைப்படத்தை மேஜைமேல் வைத்துவிட்டு டுவேன் ஸ்டாட்லர் தொப்பியைக் கழற்றினார். எங்கள் பக்கத்து ஆண்கள் தொப்பியைக் கழற்றுவது மாதா கோயிலிலும் குதிரை டாக்டர் முன்னாலும்தான். லோரேன் இபார்ரா இரண்டிலும் சேர்த்தியில்லை. தீவனக் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

அதற்கு முன் முப்பது வருடம் அரசாங்கத்தில் மாட்டுச் சூட்டு முத்திரைப் பரிசோதகர். பனிக்கால மயிருக்கு அடியில் ஒளிந்திருக்கும் பழைய தழும்பைத் தடவிப் பார்த்தே இது யார் மாடு, யார் திருடியது என்று சொல்லிவிடுவார். மனிதர்களைத் தடவிப் பார்க்கச் சட்டம் அனுமதிக்காததால் இப்போது முகத்தைப் பார்த்தே சொல்கிறார்.

நான் ஆரின் பிக்கெட். அவருடைய உதவியாளன். அதற்கு முன் ரீனோவில் கல்லூரி மாணவன். கல்லூரிப் பத்திரிகையில் எங்கள் டீனுக்கு ஓர் உருக்கமான இரங்கல் எழுதினேன். அவர் உயிரோடு இருந்தார் என்பதைத் தவிர அதில் தகவல் பிழை எதுவும் கிடையாது.

"ஒரு ஜோடி குதிமுள், மேடம்," என்றார் ஸ்டாட்லர். பூட்ஸ் குதிகாலில் மாட்டிக் குதிரையின் விலாவைத் தட்டும் முள் அது, பின்னால் நீளும் தண்டும் நுனியில் சிறு சக்கரமுமாக. "பாக்க சாதாரணமா இருக்கும். ஆனா தண்டை நீட்டலாம், குறைக்கலாம். அஞ்சு படி. இந்த மாதிரி இந்த மாநிலத்துலயே கிடையாது. ரெண்டு வருஷ உழைப்பு."

"எதுக்கு நீட்டணும்?" என்றேன்.

"தம்பிக்குக் குதிரை ஓட்டத் தெரியுமா?"

"ஏறி உக்காரத் தெரியும். அதுக்கப்புறம் குதிரை இஷ்டம்."

"கூச்சப்படற குட்டிக்குக் குட்டைத் தண்டு வேணும். மந்தமானதுக்கு நீளம் வேணும். ஆளோட கால் நீளத்துக்கும் மாறும். பழக்கறவன் ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஜோடி வெச்சுக்கிட்டு மாத்தி மாத்தி மாட்டிக்கிட்டிருந்தான். இனிமே ஒண்ணு போதும்." தொப்பியை மடியில் சுழற்றினார். "நாளன்னிக்கு சனிக்கிழமை கண்காட்சி. அதுக்குள்ள வேணும்."

எங்கள் சில்வர் கேப்பில் குதிமுள்ளுக்கு மாடல் பெயர் எல்லாம் வைப்பதில்லை. செய்தவர் பெயர்தான் அதற்கும் பெயர். குதிகாலைச் சுற்றி வரும் வளையத்தின் உட்புறம் அந்தப் பெயரை அடிப்பார்கள். ஆள் போய்ச் சேர்ந்து ஐம்பது வருடம் ஆனாலும், 'என் மார்ட்டினை எங்கே வைத்தாய்' என்று வீட்டில் தேடுவார்கள். சனிக்கிழமை நடுவர்கள் தலையசைத்தால் ஐந்து படி வைத்த குதிமுள் இனி எல்லாக் காலத்துக்கும் 'ஸ்டாட்லர்'. அதற்குத்தான் மனிதர் வியர்த்துக்கொண்டிருந்தார்.

லோரேன் பூதக்கண்ணாடியைப் படத்தின்மேல் பிடித்தார். கண்காட்சிப் பலகைக்காக எடுத்த பெரிய படம். தண்டில் இருந்த கீறல்வரை தெரிந்தது.

"படியை எப்படி மாத்தறது?"

"உள்பக்கம் பித்தளைக் குமிழ் இருக்கு பாருங்க. குனிஞ்சு, பிளேயரால பிடிச்சு இழுத்து, தண்டைத் தள்ளணும். சுலபம்."

"குதிரைச் சவாரிக்குப் பிளேயரும் கூட வரணுமா?" என்றேன்.

"இடுப்புல பிளேயர் இல்லாத ஆம்பளைய இந்த ஊர்ல காட்டு தம்பி."

நியாயம்தான். இங்கே வேலிக்கம்பி முறுக்குவதற்கும், சோடா மூடி திறப்பதற்கும், சில சமயம் பல் பிடுங்குவதற்கும் அதே பிளேயர்தான்.

"போலீசுக்குப் போகலியா?"

"போனா பேப்பர்ல வரும். கண்காட்சி சமயம் பாருங்க. திருடன் யாருன்னு நீங்க சொல்லுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

* * *

ஸ்டாட்லரின் பட்டறை முன்னறையில் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் வெள்ளி பதித்த குதிமுட்கள் ஏழு ஜோடி, கல்யாணப் பெண்கள் மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு காலி இடம்.

"ஏழு வெள்ளிய விட்டுட்டு ஒரு இரும்பைத் தூக்கிட்டுப் போயிருக்கான்," என்றேன். "கொள்கையுள்ள திருடன்."

"எப்ப?" என்றார் லோரேன்.

"செவ்வாய்க்கிழமை மத்தியானம். சாப்பிடப் போயிருந்தேன்."

"பூட்டலியா?"

"மத்தியானம் யாரு பூட்டுவா?"

பக்கச் சுவரில் பழுதுக்கு வந்த சாமான்கள் ஆணி ஆணியாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய பாதி அட்டை. மறுபாதி சொந்தக்காரரிடம். வேலை முடிந்திருந்து பட்டறைக்காரர் இல்லாவிட்டால், சாமானை எடுத்துக்கொண்டு தன் பாதியை அதே ஆணியில் மாட்டிவிட்டுப் போகலாம். இந்த ஊரில் ரசீது என்றால் அதுதான்.

சாமான் இல்லாத ஆணிகளில் அட்டை தொங்கியது. ஒரே ஒரு ஆணியில் சாமானும் இல்லை, அட்டையும் இல்லை. அறுந்த நூல் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. லோரேன் அதை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஸ்டாட்லர் அப்போது எனக்குக் கோப்பை ஒன்றில் காபி ஊற்றிக்கொண்டிருந்தார். காபியும் துரு வாசனை அடித்தது.

வெளியே வந்ததும் லோரேன் வண்டியின் முன்மூடிமேல் படத்தை விரித்தார்.

"இடது தண்டைப் பாரு. எந்தெந்தப் படி தேய்ஞ்சு பளபளங்குது?"

"மூணு, நாலு, அஞ்சு. முதல் ரெண்டும் கறுப்பா இருக்கு."

"வலது?"

"ஒண்ணு, ரெண்டு, மூணு. கடைசி ரெண்டும் கறுப்பு."

"இடது எப்பவும் வலதைவிட ரெண்டு படி நீளம். குதிரை மாறுது, படி மாறுது, வித்தியாசம் மட்டும் மாறல."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"குதிரையில இல்லாத கோணல் ஏதோ ஆள்ல இருக்குன்னு அர்த்தம். இடது கால் குட்டையான ஆள். சேணத்துல அந்தக் கால் மேல தூக்கி நிக்கும், குதிகால் குதிரையோட விலாவுக்கு எட்டாது. தண்டு நீண்டாத்தான் எட்டும்."

நான் திரும்பிப் பட்டறைக் கதவைப் பார்த்தேன். ஸ்டாட்லர் வாசலில் நின்று கையசைத்தார். இரண்டு கால்களும் தந்திக் கம்பம் மாதிரி சரிசமமாக இருந்தன.

"அப்ப அவரு செஞ்சது..."

"வேற யாருக்காவது செஞ்சிருக்கலாம். அவசரப்படாத. நீ ஏற்கெனவே ஒரு உயிரோட இருக்கிற ஆளுக்கு இரங்கல் எழுதினவன்."

* * *

எங்கள் மாடிக்குக் கீழே தீவனக் கடை. அதை நடத்தும் எல்வுட் கிழவர் சேணத் தோலுக்கு ஓட்டை போடும் வேலையும் செய்வார். ஊரில் யாருக்கு வயிறு பெருத்தது, யாருடைய குதிரை இளைத்தது எல்லாம் அவருடைய ஊசிக்குத் தெரியும்.

"சேணத்துல கால் வெக்கற அங்கவடித் தோல்ல இடது பக்கம் மட்டும் கூடுதலா ஓட்டை போட்டுக் குடுத்தீங்களா யாருக்காவது?" என்றார் லோரேன்.

"வெர்னா டால்பிக்கு," என்றார் எல்வுட், மூட்டை தைப்பதை நிறுத்தாமல். "பதினோராம் கிணத்து முகாம்ல குட்டி பழக்கற பொண்ணு. நாலு வருஷம் முன்னாடி ஓடையில குதிரை அவ மேல விழுந்துச்சு. இடுப்பு எலும்பு கோணலா சேர்ந்துபோச்சு. வருஷத்துக்கு ரெண்டு தடவ ஊருக்கு வருது. அதுவும் தெருவுல ஆள் இல்லாத நேரம் பாத்து."

"இந்த வருஷம்?"

"மூணாவது தடவ வந்துச்சே. செவ்வாய்க்கிழமை மத்தியானம். நான் கூப்பிட்டேன், காது கேக்காத மாதிரி போயிடுச்சு."

* * *

நாற்பது மைல். வெள்ளிக்கிழமை கிளம்பினோம். முதல் பத்து மைல் தார், அப்புறம் மண், அப்புறம் நம்பிக்கை. வழியில் மூன்று தபால் பெட்டிகள் பார்த்தோம். ஒன்றில் பறவை குடியிருந்தது. வானொலி முதலில் பாட்டுப் பாடியது, பிறகு இரைந்தது, பிறகு அதற்கும் வெறுத்துவிட்டது. சாம்பல் நிறப் புதர்கள், அதற்கு அப்பால் சாம்பல் நிறப் புதர்கள். எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்வது வழக்கம். நாற்பது மைலுக்கும் என் விரல் சும்மாவே இருந்தது.

முகாம் என்பது ஒரு தகர வீடு, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு கைப்பம்பு, வட்டமான ஒரு மரவேலி. வேலிக்குள் ஒரு பெண் சிவப்புக் குட்டிமேல் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். குதிரைமேல் எந்தக் கோணலும் தெரியவில்லை.

"வேலிக்கு அந்தப் பக்கமே நில்லுங்க," என்றார் வெர்னா டால்பி. பல நாள் திறக்காத கதவு திறப்பது போன்ற குரல். "அவனுக்கு உங்களப் பழக்கமில்ல. எனக்கும்தான்."

நின்றோம். இரண்டு சுற்று முடிந்ததும் இறங்கினார். இறங்கியபோதுதான் கால் தெரிந்தது. தரைக்கு வந்ததும் உடம்பு முழுவதும் இடப்பக்கம் சரிந்து, ஒரு குலுக்கலோடு நிமிர்ந்தது. குதிகால்களில் இரும்பு மின்னியது.

"ஸ்டாட்லர் அனுப்பினாரா?"

"அனுப்பினார்," என்றார் லோரேன். "அந்த ஜோடி செவ்வாய்க்கிழமை திருடு போச்சுங்கறார்."

"திருடல. எடுத்துக்கிட்டேன். என் பாதிச் சீட்டை ஆணியில மாட்டிட்டுத்தான் வந்தேன்."

"சீட்டு இல்ல. நூல் மட்டும்தான் இருந்துச்சு." லோரேன் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

வெர்னா அந்த நூலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். கோபப்படவும் ஒரு பழக்கம் வேண்டும் போல.

"உள்ள இருக்கற ஸ்பிரிங் உடைஞ்சுது. தபால் வண்டியில அவருகிட்ட அனுப்பினேன். சீட்டு வந்துச்சு. ஒரு மாசம் கழிச்சு, திருப்பி அனுப்பினப்ப வண்டியிலேந்து விழுந்து தொலைஞ்சுபோச்சுன்னு கடிதாசு எழுதினார். சரின்னு விட்டுட்டேன். போன வாரம் காபி டப்பா ஒரு பேப்பர்ல சுத்தி வந்துச்சு. பேப்பர்ல என் குதிமுள் படம். பக்கத்துல அவரு படம்."

"இத நீங்களா செஞ்சீங்க?" என்றேன்.

"வேற யாரு இருக்கா இங்க?"

லோரேன், "அந்தக் குட்டிக்கு இப்ப ஒரு படி குறைக்கணும்னா என்ன பண்ணுவீங்க?" என்றார்.

வெர்னா குனியவில்லை. அந்த இடுப்பு குனியவும் விடாது. வலது பூட்ஸின் முனையை இடது காலின் பித்தளைக் குமிழ்மேல் வைத்து அழுத்தினார். 'டிக்'. தண்டு ஒரு படி உள்ளே போனது. கால் மாற்றி அதே மாதிரி இன்னொரு 'டிக்'. நின்ற இடத்தில் நின்றபடி, கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்காமல்.

எனக்கு ஸ்டாட்லரின் பிளேயர் ஞாபகம் வந்தது. "குமிழை இழுக்கறது இல்ல..."

"அமுக்கறது," என்றார் லோரேன். "படத்துல குமிழைச் சுத்திப் பிளேயரோட பல் தடம் இருந்துச்சு. அப்பவே சந்தேகம். சொந்தப் பூட்டை எவனாவது கடிச்சுத் திறப்பானா? எல்லாத்துக்கும் பிளேயரத் தேடற கை. குனிய முடியாத ஒருத்தருக்கு அது எப்படி வேலை செய்யும்னு யோசிக்கவே இல்ல."

ஆக, எங்கள் கட்சிக்காரர்தான் எங்கள் திருடன். சீட்டைக் கிழித்துவிட்டு, இவர்தான் திருடியது என்று எங்கள் வாயால் சொல்லவைக்கத்தான் எங்களைத் தேடி வந்திருக்கிறார். அலுவலக வரலாற்றில் இவ்வளவு அருகில் குற்றவாளி இருந்ததில்லை. காபியே கொடுத்திருக்கிறார்.

"முள்ளுன்னா குத்தறதுக்குன்னு நினைக்கறாங்க," என்றார் வெர்னா, மழுங்கலான சிறு சக்கரத்தை மறுகால் பூட்ஸால் சுழற்றியபடி. "பேர் சொல்லிக் கூப்பிடறதுக்குப் பதிலா தோள்ல தட்டற மாதிரி. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தட்டணும். இல்லாட்டி குட்டி வாழ்நாள் பூராவும் கோணலா ஓடும். இது இல்லாம ரெண்டு மாசமா நான் எந்தக் குட்டி மேலயும் ஏறல."

"சனிக்கிழமை கண்காட்சிக்கு வாங்க."

"வேணாம். பேர் அவருக்கே இருக்கட்டும். எனக்கு முள் போதும்."

"முள்ளும் போகும். பேர் அவருதாச்சுன்னா, ஷெரிஃப் இங்க வந்து இது ஸ்டாட்லரோடதுன்னு கழட்டிட்டுப் போவார். அவர்கிட்ட படம் இருக்கு, பட்டறை இருக்கு, தொப்பி கழட்டற மரியாதை இருக்கு. உங்ககிட்ட சீட்டுகூட இல்ல. அப்பறம் இந்தக் குட்டிங்க?"

வெர்னா தொட்டிப் பக்கம் பார்த்தார். "என்கிட்ட அத்தாட்சி இருக்கு. எல்லாருக்கும் பாத்த உடனே புரியும்." இடது தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். "அதைத்தான் காட்ட மாட்டேன். நான் நடக்கறத முந்நூறு பேர் வேடிக்கை பாக்கணுமா?"

"ஆமா," என்றார் லோரேன்.

வேறு யாராக இருந்தாலும் ஆறுதலாக இரண்டு வார்த்தை சேர்த்திருப்பார்கள். லோரேன் சேர்க்கவில்லை. வெர்னா குட்டிகளை ஒருதரம் எண்ணிப் பார்த்தார்.

"குட்டிங்க பதினொண்ணு," என்றார் வெர்னா கடைசியில். "தொட்டிக்கு ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பம்ப் அடிக்கணும். யாரு அடிப்பா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். குட்டிகளும் பார்த்த மாதிரி இருந்தது.

* * *

அன்று இரவு முகாமிலேயே தங்கினோம். சனிக்கிழமை விடிந்ததும் அவர்கள் இருவரும் வண்டியில் கண்காட்சிக்குப் போனார்கள். தூசி அடங்குவதற்கு இருபது நிமிடம் ஆனது. அதுவரை பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு எதுவும் அசையவில்லை.

எட்டு மணிக்குப் பம்ப் அடித்தேன். குட்டிகளிடம் டீன் கதையைச் சொன்னேன். பதினொன்றில் ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. பத்து மணிக்கு அதே கதையைக் கொஞ்சம் மெருகேற்றிச் சொன்னேன். பன்னிரண்டு மணிக்குப் பேச்சை நிறுத்திவிட்டேன். இரண்டு மணிக்கு என் குரல் இன்னும் இருக்கிறதா என்று சோதிக்க 'ஹலோ' என்றேன். யாருடைய குரலோ மாதிரி கேட்டது. இவர் இங்கே நாலு வருடமாக இருக்கிறார். நான் காலையிலிருந்துதான் தனியாக இருக்கிறேன், அதற்குள் பம்புக்குப் பெயர் வைத்திருந்தேன்.

நான்கரைக்குத் தூரத்தில் தூசி எழுந்தது. வேலிவரை ஓடினேன். வண்டி நின்றதுமே, அவர்கள் இறங்குவதற்குள், கதவைத் திறந்து வெர்னாவைத் தாண்டி நடுவில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"சொல்லுங்க," என்றேன்.

லோரேன் எஞ்சினை அணைத்தார். "ஸ்டாட்லர்கிட்ட எல்லாருக்கும் முன்னாடி, திருடனக் கண்டுபிடிச்சாச்சு, முதல்ல உங்க கண்டுபிடிப்பப் பத்திச் சொல்லுங்கன்னேன். சந்தோஷமா மேடையேறினார். தலைமை நடுவர் படத்தப் பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். இடது ஏன் ரெண்டு படி நீளமா தேய்ஞ்சிருக்குன்னு."

"என்ன சொன்னார்?"

"குதிரைங்களுக்கு இடது பக்கம் மந்தம்னார்."

"முந்நூறு குதிரைக்காரங்க முன்னாடியா!"

"யாரும் சிரிக்கல. அதுதான் பயமா இருந்துச்சு. அப்பத்தான் வாசல்ல நின்ன இவங்களக் கூப்பிட்டேன்."

நான் வெர்னா பக்கம் திரும்பினேன். அவர் முன்கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாசல்லேந்து மேடைக்கு நாப்பத்திரண்டு தப்படி," என்றார். "எண்ணினேன். கொட்டகை முழுக்கச் சத்தமே இல்ல. என் முள்ளு சத்தம் மட்டும். ஒரு காலுக்கு ஒண்ணு, இன்னொரு காலுக்கு ஒண்ணரை. மேடைகிட்ட போய் நின்னேன். பூட்ஸால ஒரு அமுக்கு. 'டிக்'."

"ஸ்டாட்லர்?"

"திருடினப்பறம் இவ பழகியிருப்பான்னு கத்தினார். நடுவர் அவரத் திரும்பிப் பாக்கவே இல்ல. என் காலப் பாத்தார், முள்ளப் பாத்தார், மறுபடி காலப் பாத்தார். அவருக்கும் முழங்கால்ல ஏதோ இருக்கு, எழுந்துக்க நேரமாச்சு. எழுந்து நின்னு, 'வளையத்துல என்ன பேர் அடிக்கணும்மா'ன்னு கேட்டார்."

"என்ன சொன்னீங்க?"

"டால்பி."

அந்த ஒரு வார்த்தையை அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் வண்டிக்குள் கொஞ்ச நேரம் அது நின்றது.

"யாராவது... வேடிக்கை பாத்தாங்களா?" என்றேன்.

"எல்லாரும். ஒரு குழந்தை மட்டும் சிரிச்சுது. அதுக்கு அந்தச் சத்தம் பிடிச்சுப்போச்சு. இன்னொருதரம் நடன்னு சொல்லுச்சு."

"நடந்தீங்களா?"

"நடந்தேன்."

கதை அவ்வளவுதான். வழக்கு முடிந்தது. லோரேன் நாற்பது மைல் ஓட்டிப் போய், விளக்கு எரியாத தன் வீட்டைத் திறக்க வேண்டும். நான் அவரோடு போக வேண்டும். வெர்னா இறங்கிக் குட்டிகளுக்குப் புல் போட வேண்டும். யாருக்கும் சந்தேகம் எதுவும் இல்லை.

வண்டிக்கு இரண்டு கதவுகள். ஒன்று லோரேன் பக்கம், ஒன்று வெர்னா பக்கம். இரண்டு பேரும் கைப்பிடியைத் தொடவில்லை. நடுவில் இருந்த எனக்குத் தொடுவதற்கு ஒன்றும் இல்லை. எஞ்சின் சூடு ஆறும் சத்தம் கேட்டது. அதுவும் நின்றுபோகும் முன், "அப்புறம்?" என்றேன்.

அப்புறம் எதுவும் இல்லை என்று மூன்று பேருக்கும் தெரியும்.

வெர்னா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "வாசல்ல கூட்டமா இருந்துச்சா," என்று முதலிலிருந்து ஆரம்பித்தார், "உள்ள போறதுக்கே எனக்கு ரொம்ப நேரமாச்சு..."